பார்க்கின்சன் சிகிச்சைக்காகக் கூடிப் பாட: பெங்களூரில் செய்யவேண்டியவை

பார்க்கின்சன் (கைகால் நடுங்கி இறுகும் நரம்பு நோய்) உள்ளவர்கள் கூடிப் பாடிச் சிகிச்சை கேட்கும்போது கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். ‘ஆஸ்பத்திரியில் படுத்தாலும் மாத்திரை வேளைக்கு வேணும்’ என்பது நல்ல பல்லவி. இந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபா கொஞ்சம் தள்ளிப்போனாலே பலருக்குக் கைகால் இறுகிவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் (2016) இந்நோயும் இருப்பதைச் சரணத்தில் சேருங்கள். ஒரு சரணமாவது கன்னடத்தில் வேண்டும். இல்லாவிட்டால் மனு வாங்கும் அதிகாரிக்கு நம் பாட்டு வெறும் இரைச்சல்.

மெட்டு தெரிந்த கும்மியாக, வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கி. வரிக்கு நாலு சொல் போதும், மூச்சு தாங்காது.

சிக்கல் தாளத்தில்தான். இந்நோயில் நடை தானாக வேகமெடுப்பது போலவே பாட்டும் போகப்போக ஓட ஆரம்பிக்கும். கஞ்சிராக்காரர் கூடவே ஓடினால் இரண்டாம் சரணத்தில் எல்லாம் கலைந்துவிடும், அவர் தாளம் மாறாமல் நிற்கவேண்டும். கூட வந்த உறவினர்கள் உற்சாகத்தில் கத்துவார்கள், நோயாளிகளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். மைக் நோயாளிகளிடமே இருக்கட்டும், வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, ஸ்டாண்டில். பாட்டைப் பெரிய எழுத்தில் கெட்டி அட்டையில் அச்சடியுங்கள். மெல்லிய தாள் நடுங்கும் கையில் படபடத்து மைக்கில் கேட்கும்.

கைப்பிடியுள்ள நாற்காலிகள், மாத்திரை வேலைசெய்யும் நேரம், அதிகபட்சம் இருபது நிமிடம். சுண்டல் வேண்டாம்: புரதம் மருந்தை மட்டுப்படுத்தும், விழுங்கும்போது புரையும் ஏறும்.

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். போராட்டங்கள் நடக்கும் ஃப்ரீடம் பார்க்கில் பாடுவதென்றால் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போலீஸ் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.