ஊர்ச் சூரியனிலும் கணவாய்க் காற்றிலும் ஓடும் மினி பஸ்: கொங்கு நாட்டுச் சிற்றூர்களுக்கு ஒரு செய்முறை

மின்சார மினி பஸ் வாங்க முனைகிறவர்கள் முதலில் விசாரிப்பது வண்டியின் விலையை. அடுத்து, ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை. மின்சாரம் எங்கிருந்து வரும், எந்த நேரத்தில் வரும் என்ற கேள்வி வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்குறிப்பின் நோக்கம். முதலில் ஓட்டநேர அட்டவணை, அடுத்து மின்சாரம், கடைசியில் வண்டி. ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், ஓரிரு வண்டி வைத்திருக்கும் தனியார் என யார் தொடங்கினாலும் இதே முறையைப் பின்பற்றலாம்.

மின்சாரத்தை ஊரிலேயே உண்டாக்கிக்கொள்வது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் மில்காரர்கள் காற்றாலைகளை நட்டார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, உடுமலைக்கு அருகே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சியால் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் இதைச் செய்ய முடிந்தது என்றால், பேருந்துக்கும் செய்ய முடியும்.

தடத்தைக் கணக்கிடுதல்

ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். 2025-இல் நடைமுறைக்கு வந்த மினி பஸ் திட்டம் தடத்தின் நீளத்தை அதிகபட்சம் 25 கிலோமீட்டராக வைத்துள்ளது. நம் தடம் 18 கிலோமீட்டர் என்று கொள்க. நாளொன்றுக்கு ஒருவழி நடை பத்து என்றால் 180 கிலோமீட்டர் ஆகிறது. குளிர்சாதனம் இல்லாத ஏழு மீட்டர் வண்டி சமதரையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.7 யூனிட் எடுக்கும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து 126 யூனிட் செலவாகும். சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகக் கழிவது பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், மீட்டரில் 140 யூனிட் ஓடும். அதாவது கிலோமீட்டருக்கு 0.78 யூனிட், இதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கினால் கிடைப்பதுதான் உண்மையான எரிபொருள் செலவு. விற்பனையாளர் தரும் எண், வெற்று வண்டியைச் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்த்த எண்ணாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மூட்டையும் ஆளுமாகப் போகும் வண்டிக்கு அது பொருந்தாது.

அடுத்து அட்டவணை. மினி பஸ்ஸில் கூட்டம் காலையிலும் மாலையிலும்தான். பதினொன்றரை மணியிலிருந்து இரண்டு மணிவரை நடத்துநர் பையில் சில்லறைதான் சேரும். வெயில் உச்சத்தில் இருப்பதும் அந்நேரத்தில்தான். ஆகவே காலையில் ஐந்து நடை, நண்பகலில் நிறுத்திச் சார்ஜ், பிறகு ஐந்து நடை என்று பிரித்தால், ஒவ்வொரு பாதிக்கும் 63 யூனிட் போதும். பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்ல ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கும் என்றும், எந்நாளும் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் கொண்டு கணக்கிட்டால், 100 யூனிட் பேட்டரி தேவைப்படுகிறது. நண்பகல் சார்ஜ் இல்லாமல் நாள் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்ட நினைத்தால், அதே கணக்கில் 200 யூனிட் பேட்டரி வேண்டும். அதன் விலையோடு எடையையும் வண்டி ஒவ்வொரு நடையிலும் சுமக்க வேண்டும்.

இரண்டு வண்டிகள் இருந்தால் 60 கிலோவாட் சார்ஜர் ஒன்றே போதும். பதினொன்றரைக்கு முதல் வண்டி, பன்னிரண்டே முக்காலுக்கு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் 70 யூனிட், அதற்கு ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம். ஓட்டுநரின் சாப்பாட்டு நேரமும் அதற்குள் அடங்கிவிடும்.

முதல் முயற்சிக்கு மலைத் தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பத்து டன் எடையுள்ள வண்டியை 800 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 22 யூனிட் தேவை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வண்டி சாலை உராய்வுக்கு மேலே இதையும் கொடுத்தாக வேண்டும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக நின்று ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது உண்மைதான், ஆனால் மலைமேல் பேட்டரியை நிரப்பிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது.

கூரையும் காற்றும்

நம் இரண்டு வண்டிகளுக்கு நண்பகலில் 140 யூனிட், இரவில் 140 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் பலகை இப்பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். 70 கிலோவாட் வைத்தால் நாளுக்கு 280 யூனிட், இடம் 7,000 சதுர அடி. வண்டி நிறுத்தும் கொட்டகை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கூரை, மூடிக் கிடக்கும் தறிக்கூடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அநேகமாக எல்லா ஊரிலும் கிடைக்கும். உச்சி வெயிலில் பலகைகள் சூடேறியிருக்கும் நிலையில் 50 கிலோவாட் வரும் என்றால், இரண்டரை மணி நேரச் சார்ஜில் 125 யூனிட் நேரே சூரியனிலிருந்து வண்டிக்குப் போய்விடுகிறது. குறைவதை மட்டும் மின்வாரியக் கம்பியிலிருந்து எடுத்தால் போதும்.

எஞ்சிய 155 யூனிட் மின்வாரியக் கம்பிக்குப் போகும். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். வீட்டு இணைப்பில் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளும் முறை வணிக இணைப்புக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. பகலில் கொடுப்பதற்கு ஒரு விலை, இரவில் வாங்குவதற்கு வேறொரு விலை. ஆகையால் பலகையைப் பெருக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. நண்பகல் தேவைக்கு அளவெடுத்து அத்தோடு நிறுத்துவதே என் பரிந்துரை.

இரவுப் பாதிக்குக் காற்று உதவும். நாளுக்கு 140 யூனிட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 51,000 யூனிட். 350 கிலோவாட் காற்றாலை ஒன்று ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட் தரும் என்று கொண்டால், அதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கே இரண்டு மினி பஸ்ஸின் இரவுத் தேவைக்குப் போதும். பங்கு சேர்ந்து சொந்த உபயோக மின்சாரமாக எடுத்துக்கொள்ள, உபயோகிப்போர் கையில் குறைந்தது 26 விழுக்காடு உடைமை இருக்க வேண்டும். உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே எடுத்துக்கொள்ளவும் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பசுமை மின்சார விதிகள் வைத்துள்ள 100 கிலோவாட் வரம்பு சொந்த உபயோகத்துக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டு மினி பஸ் தனியாக அந்த 51 விழுக்காட்டை எட்டாது. குடிநீர் நீரேற்று நிலையம் போன்ற இணைப்புகளோடு சேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். ஊராட்சியும் சங்கமும் சேர்ந்து இறங்குவதன் உண்மையான லாபம் இதுதான்.

சித்திரைக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை காற்று. தை முதல் சித்திரை வரை நல்ல வெயில். இரண்டும் சேர்ந்து மெலிவது ஐப்பசி, கார்த்திகையில். எந்த ஆண்டுக் கணக்கையும் அந்த இரண்டு மாதத்தில் வைத்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

கம்பி, மண், தூசி

கூரையை அளப்பதற்கு முன்பே மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸுக்குப் போய், உங்கள் இடத்துக்கு எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் வருகிறது, அதில் ஏற்கெனவே எவ்வளவு சுமை இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் 60 கிலோவாட் சார்ஜரை மாட்டினால், தறிக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு விண்ணப்பிப்பதே முறை. அதற்கான காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். விவசாய மின்வழித்தடத்தில் மும்முனை மின்சாரம் எந்நேரமும் வரும் என்று நம்ப முடியாது என்பதால் அதில் இணைப்புக் கேட்கவே வேண்டாம். காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 ஆகியவை மின்வாரியத்துக்கு உச்சத் தேவை நேரங்கள். இரவுச் சார்ஜ் பத்து மணிக்கு மேல் தானே தொடங்கும்படி சார்ஜரில் நேரம் அமைத்துவிட வேண்டும்.

மின்சாரம் போனால் பலகையிலிருந்து வண்டிக்கு வரும் என்று நினைப்பதும் தவறு. கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காப்பதற்காக, பலகையின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றதாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் அக்கணமே தன்னை நிறுத்திக்கொள்ளும். மின்தடையிலும் ஓட வேண்டுமானால், கொட்டகையை மின்வாரியக் கம்பியிலிருந்து தனித்துப் பிரிக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் அதற்கென நிலையான பேட்டரியும் வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு அந்தச் செலவு தாங்காது. ஆறேழு வண்டி சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

நிலம் சரளையும் பாறையுமாக இருப்பதால் எர்த் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மழைக்காலத்தில் சரியாகக் காட்டும் எர்த் குழி, பங்குனியில் வறண்டு, மின்சாரம் மண்ணில் எளிதாக இறங்க முடியாதபடி தடை ஏறிப்போய்விடும். அளவீட்டைக் கோடையில் எடுத்து, மின் ஆய்வாளரின் ஒப்புதலுக்கு அந்த எண்ணையே காட்டுவது நல்லது.

பலகைகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு பாகை சாய்த்தால் போதும். நாம் இருப்பது 11 பாகை அட்சத்தில். அதிகம் சாய்த்தால் ஆடிக்காற்று அடியில் புகுந்து தூக்கும். அம்மியே பறக்கும் காற்றுக்குப் பலகை எம்மாத்திரம்? கூரைத் தகட்டில் மட்டும் ஸ்குரூ அடித்து விடாமல், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்த ஒரு கொட்டகையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உற்பத்தி சரிந்துகொண்டே இருந்தது. பலகைகளைக் கழற்றி மாட்டினார்கள், இன்வெர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், பக்கத்துத் தோப்பின் வரப்புத் தென்னை ஒன்றின் மட்டை நிழல் ஒரு கை அகலத்துக்கு ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தொடராகக் கோத்த பலகைகளில் ஒன்று மங்கினால் வரிசை முழுவதும் இளைக்கும். மார்கழியில் நிழல் நீளும் என்பதால், இடம் பார்க்கப் போவதை அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சுத்தூசி. பொள்ளாச்சி பக்கம் தென்னைநார் மில் துகள். பனி விழுந்த காலையில் இவை பசைபோல ஒட்டிக்கொள்ளும். விடிவதற்குள் கழுவிவிட வேண்டும். உப்பேறிய போர்வெல் தண்ணீர் வெண்கறையாகப் படியும் என்பதால், கூரை மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ பயன்படுத்த வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு வண்டி. உடல் கட்டுவதற்குக் கரூரும், மோட்டார் தெரிந்த கைகளுக்குக் கோவையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எனினும் பேட்டரி பெட்டியைத் திறக்க யாருக்கு உரிமை, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன், ஐப்பசியில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, உங்கள் தடத்திலேயே சந்தை நாளும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் மூன்றே பத்தி: கிலோமீட்டர், மீட்டரில் ஓடிய யூனிட், நண்பகலில் பலகை தந்த யூனிட். 0.78 என்று நாம் போட்ட எண் 0.9-ஐத் தாண்டினால், நடையைக் குறைப்பதா, பேட்டரியைக் கூட்டுவதா என்று அங்கேயே முடிவு செய்துவிட்டு முன்பணம் கட்டலாம்.