மாஸ்ட் தானாகச் சாய்ந்தால் முதலில் செய்யக் கூடாதவை

சுமையோடு நிற்கும் ஃபோர்க்லிஃப்ட். யாரும் லீவரைத் தொடவில்லை, ஆனாலும் மாஸ்ட், அதாவது ஃபோர்க்கைத் தாங்கும் செங்குத்துச் சட்டம், மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறது. உடனே மாஸ்டைச் சாய்க்கும் இரண்டு டில்ட் சிலிண்டரையும் இறக்கி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கிட்டை மாற்றிவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் அதே சாய்வு. இப்படிக் கைக்காசும் ஒரு நாள் வேலையும் வீணாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

சுமையைத் தாங்குவது எந்தப் பக்கத்து ஆயில் என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறு வராது. சிலிண்டரின் அடி சேசிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்), நீண்டு சுருங்கும் தண்டான ராடு மாஸ்டிலும் மாட்டியிருக்கும். அடிப்பக்கம் ஆயில் போனால் ராடு நீளும், மாஸ்ட் முன்னால் சாயும். ராடு பக்கம் போனால் பின்னால் வரும். சுமையோ ராடை எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக, மாஸ்டைப் பிடித்து நிறுத்துவது ராடு பக்கம் அடைபட்ட ஆயில்தான். வெளிக்கசிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் அந்த ஆயில் தப்பிக்க வழி இரண்டு: ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீலைத் தாண்டி அடிப்பக்கத்துக்கு, அல்லது கன்ட்ரோல் வால்வில் லீவரோடு நகரும் உருளையான ஸ்பூலின் இடுக்கு வழியே டேங்குக்கு.

எதுவென்று கண்டுபிடிக்க அரைமணி போதும். சுமையை இறக்கி, ஃபோர்க்கைத் தரையில் வைத்து, மாஸ்டை முழுக்கப் பின்னால் சாய்த்து இன்ஜினை நிறுத்துங்கள். அழுத்தத்தை வடித்துவிட்டு ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி அடையுங்கள். திறந்த வாயின் கீழே ஒரு வாளி. இன்ஜினை ஓட்டி, பின்சாய்வு லீவரைச் சில நொடிகள் மட்டும் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் சொட்டும், அது மிச்ச ஆயில். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சீல் போய்விட்டது. மற்ற சிலிண்டரையும் அப்படியே பாருங்கள். இரண்டும் வறண்டிருந்தால் கோளாறு வால்வில்.

வால்வுக்குள் டில்ட் லாக் என்று ஒன்று உண்டு. சுமை ராடை இழுக்கும் வேகத்துக்குப் பம்பால் ஆயில் தர முடியாதபோது, திரும்பும் ஆயிலை அது நெருக்கிப் பிடிக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது லீவரைத் தள்ளினாலும் மாஸ்ட் முன்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் அங்கே தூசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

டில்ட் வலுவில்லை என்றதும், ஆயில் அழுத்தத்தின் உச்ச வரம்பை வைக்கும் ரிலீஃப் ஸ்க்ரூவை முறுக்குவது இன்னொரு பழக்கம். பிரஷர் கேஜ் மாட்டாமல் அதைத் தொடவே கூடாது. தேய்ந்த பம்ப் அதனால் சரியாகாது, ஹோஸ்தான் வெடிக்கும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. மாஸ்டைச் சங்கிலியால் ஓவர்ஹெட் கார்டோடு (ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூண்டு) கட்டாமல் சிலிண்டர் பின்னைத் தட்டிக் கழற்றுவார்கள். அந்தப் பின் வெளியே வந்த நொடியில் பல நூறு கிலோ மாஸ்டைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. கட்டாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். ஹோஸ் கசிவை விரலால் தடவியும் பார்க்காதீர்கள். மெல்லிய பீச்சலாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

அப்புறம், திரும்ப மாட்டும்போது இரண்டு ராடின் நீளமும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று முன்னதாக முட்டினால் மாஸ்ட் முறுகும். ராடு முனைக் கண்ணைத் திருகிச் சமன் செய்த பிறகு கிளாம்ப் போல்ட்டை இறுக்குங்கள்.