கல்லீரல் கட்டி: ட்ரிப்பிள் ஃபேஸ் சி.டி. படத்தை வீட்டில் பார்ப்பது எப்படி?

ட்ரிப்பிள் ஃபேஸ் சி.டி. என்பது, படத்தில் வெளுப்பாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி, மூன்று வெவ்வேறு நேரங்களில் (ஃபேஸ்) எடுக்கும் ஸ்கேன். அப்பாவின் ரிப்போர்ட்டில், 'கட்டி ஆர்ட்டீரியல் ஃபேஸில் வெளுத்து, பிறகு கறுக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். ஸ்கேன் சென்டர் கொடுத்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியவில்லை. இரண்டு ராத்திரி அதிலேயே போனது. நோயைக் கண்டுபிடிப்பது ரேடியாலஜிஸ்ட் வேலை. ரிப்போர்ட்டில் சொன்னதைப் படத்தில் தேடிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் டிஸ்க்கில் இருப்பதை முழுசாகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். டிஸ்க்கோடு வரும் வியூவரை (படம் பார்க்கும் மென்பொருளை) நான் தொடுவதே இல்லை. அதற்குப் பதில் வீஸிஸ் (Weasis) என்ற வியூவர் இருக்கிறது; இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல்தான் படம் இருக்கும். அதனால் கல்லீரல் திரையின் இடப்பக்கம் வரும்.

அப்புறம்தான் நான் சறுக்கிய இடம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழி. ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா என்ற கல்லீரல் புற்றுக் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய 35-40 வினாடியில் (ஆர்ட்டீரியல் ஃபேஸ்) கட்டி முந்திக்கொண்டு வெளுக்கும். சுமார் 70 வினாடியில் (போர்ட்டல் ஃபேஸ்) மருந்து போர்ட்டல் வழியாகவும் வந்து கல்லீரல் வெளுக்கும். 3-5 நிமிடத்தில் (மூன்றாவது ஃபேஸ்) கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துப்போகும். நான் பார்த்துக்கொண்டிருந்தது 70 வினாடிப் படம். அதில் கட்டியும் கல்லீரலும் ஒரே சாம்பல்!

எந்த ஃபேஸ் என்று அறிய ஃபைல் பெயரை நம்பாதீர்கள், மண்ணீரலைப் பாருங்கள். வரிக்குதிரைபோல் பட்டை பட்டையாக இருந்தால் ஆர்ட்டீரியல். சிறுநீரகத்திலும் வெளி வளையம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

இன்னும் தெரியவில்லையா? வயிற்றுக்கான விண்டோ (கறுப்பிலிருந்து வெள்ளை வரை திரை காட்டும் அடர்த்தி வீச்சு) அகலம் வழக்கமாக 400 இருக்கும். அதை 150 ஆக்கி, மையத்தை 100 பக்கம் நகர்த்துங்கள். மூன்று ஃபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மட்டத்தில் ஓட்டினால் போதும்.

பின்சேர்க்கை: அம்மாவின் படத்தில் ஆர்ட்டீரியலில் ஒன்றுமில்லை, 70 வினாடியில்தான் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அம்மாவுக்குப் பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் போர்ட்டல் ஃபேஸில்தான் நன்றாகத் தெரியும்.

இன்னொருவர், வெளுத்துக் கறுத்தால் பயாப்ஸியே (திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) வேண்டாமா என்று கேட்டார். சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய்) நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் கட்டி குறைந்தது 1 சென்டிமீட்டராவது இருந்தால். மற்றவர்களுக்கு இந்தப் படத்தை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவு சொல்ல மாட்டார்கள்.