பழைய டிரக்குக்கு வீட்லயே எக்ஸாஸ்ட் ஹெடர் கட்டுறது எப்படி

ஹெடர்ங்கறது ஒவ்வொரு சிலிண்டர் புகையையும் தனித்தனி பைப்ல கொண்டு வந்து ஒண்ணா சேக்கற அமைப்பு, பழைய வார்ப்பு மேனிஃபோல்டுக்கு பதிலா வர்றது. அதை கட்டணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த வெல்டிங் மெஷின் வாங்கறதுன்னு தான். வெல்டிங் கடைசில வர்ற வேலைங்க. பழைய டிரக்ல உங்க நேரத்துல முக்காவாசிய தின்னப்போறது பைப்பை எந்தப் பக்கமா இறக்குறதுங்கற விஷயம் தான். ஸ்டீரிங் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் லிங்கேஜ், பிரேக் லைன், டிப்ஸ்டிக், சேஸிஸ், இத்தனைக்கும் நடுவுல (வி8னா ஒரு பக்கத்துக்கு) நாலு பைப் இறங்கணும், இறங்கினதுக்கு அப்புறமும் ஸ்பார்க் பிளக்கை கழட்ட முடியணும், ஹெடரையே ஒருநாள் வெளில எடுக்க முடியணும். நாலு பைப்பும் ஒரே நீளமா இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சு, பிளக் மாத்தறதுக்கே இன்ஜினை தூக்கற மாதிரி கட்டி வச்சா என்ன பிரயோஜனம்? ரோட்ல ஓட்டற வண்டிக்கு நீளம் கிட்டத்தட்ட ஒத்துப்போனா தாராளமா போதும்.

பழைய மேனிஃபோல்டை கழட்டறப்ப அவசரமே வேணாம். வருஷக்கணக்கா சூட்டுல வெந்த போல்ட்டு, முந்தின நாளே துரு இளக்கற ஆயிலை அடிச்சு ஊற விடுங்க, கழட்டறப்ப முதல்ல இம்மி இறுக்கற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க, அப்பதான் ஸ்டட் இன்ஜின் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சு நிக்காது. பேட்டரி ஒயரை கழட்டிடுங்க. பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு பாத்துக்கங்க, 1967ல இருந்து 1972 வரைக்கும் வந்த செவர்லே சி10 மாதிரி வண்டில டேங்க் கேபினுக்குள்ள சீட்டுக்கு பின்னாடியே இருக்கும், தீப்பொறி பறக்கற வேலைக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். இன்னொன்னு ரொம்ப முக்கியம், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்டு துடைச்ச இடத்துல வெல்டிங் பத்த வச்சா பாஸ்ஜீன்னு ஒரு விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. அசிட்டோன்ல துடைச்சு நல்லா காய விட்டுட்டு வேலைய ஆரம்பிங்க. துத்தநாகம் பூசின தண்ணி பைப்பையும் இந்த வேலைக்கு தொடவே கூடாது, அந்தப் புகையும் கெடுதல்.

இப்ப சைஸ். 5.7 லிட்டர் மாதிரி சாதாரண வி8க்கு (பக்கத்துக்கு நாலுன்னு எட்டு சிலிண்டர்) 1⅝ இன்ச் பைப், 30ல இருந்து 36 இன்ச் வரைக்கும் நீளம், பைப்பெல்லாம் ஒண்ணா சேர்ற கலெக்டர் 3 இன்ச், இதுல ஆரம்பிச்சா தப்பில்ல. பெரிய பைப் போட்டா பவர் கூடும்னு நினைக்காதீங்க, பைப் பெருசானா அதுக்குள்ள போற புகையோட வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்ல இழுவை போயிடும், டிரக்குக்கு வேண்டியதே அந்த இழுவை தானே. பைப் சுவர் 16 கேஜ், அதாவது 1.65 எம்எம், ஹெட்ல போல்ட் போட்டு மாட்டற ஃபிளேஞ்ச் 10 எம்எம் தகடு. மெல்லிசு தகடு போட்டா சூட்டுல வளைஞ்சு கேஸ்கெட் ஊதிடும். முதல் தடவை கட்டறவங்க மைல்ட் ஸ்டீல்லயே கட்டுங்க. 304 ஸ்டெயின்லெஸ் பாக்க அழகா இருக்கும், ஆனா சூட்டுல மைல்ட் ஸ்டீலை விட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும், வெல்டிங் பண்றப்ப பைப்புக்குள்ளயும் ஆர்கான் விடணும், இல்லன்னா உள்பக்கம் கருகி சொரசொரன்னு பொங்கி நிக்கும். வளைவுக்கு மேண்ட்ரல் பென்ட், அதாவது நசுங்காம வளைச்ச பைப் தான் வாங்கணும், சும்மா நசுக்கி வளைச்சதுல உள் அளவு சுருங்கிடும். யூ பென்ட் நாலஞ்சும் நேர் பைப் கொஞ்சமும் வாங்கி வச்சுக்கிட்டா தேவையான வளைவை அதுல இருந்து வெட்டிக்கலாம்.

அளவெடுக்கறதுக்கு முன்னாடி இன்ஜின் மவுண்ட்டை பாருங்க. பழைய ரப்பர் அமுங்கி இன்ஜின் ஒரு பக்கம் உக்காந்திருந்தா, அந்த நிலைமைல கட்டின ஹெடர் புது மவுண்ட் போட்டதும் சேஸிஸ்ல இடிக்கும். அதனால மவுண்ட்டை முதல்லயே மாத்திடுங்க. ஸ்டார்ட்டர், ஸ்டீரிங், கிளட்ச் லிங்கேஜ் எல்லாமே அதது இடத்துல இருக்கணும், எதையும் கழட்டி வச்சுட்டு அளவெடுக்காதீங்க. கேஸ்கெட்டோட ஃபிளேஞ்சை ஹெட்ல மாட்டுங்க, கலெக்டரை அது வரவேண்டிய இடத்துல ஒரு ஸ்டாண்ட் வச்சு நிறுத்துங்க. ரெண்டு முனையும் நிலையா நின்னாதான் நடுவுல வழி கண்டுபிடிக்க முடியும். தடி கம்பிய வளைச்சு ஒவ்வொரு பைப்போட வழியையும் முதல்ல போட்டு பாருங்க, இருக்கறதுலயே கஷ்டமான பைப், பெரும்பாலும் ஸ்டீரிங் ராடு பக்கமோ ஸ்டார்ட்டர் பக்கமோ வர்றது, அதை முதல்ல கட்டுங்க, ஈஸியானதை முதல்ல கட்டினா அது நல்ல இடத்தை புடிச்சுக்கும், கஷ்டமானதுக்கு வழியே இருக்காது.

ரெண்டு துண்டு சேர்ற இடத்துல மார்க்கரால குறுக்க ஒரு கோடு போடுங்க. ஒரு துண்டை லேசா திருப்பினா கோடு பிரியும், வேண்டிய கோணம் வந்ததும் அந்தப் பிரிஞ்ச நிலையையே புதுசா ஒரு கோடு போட்டு குறிச்சுக்கங்க, கழட்டி டேபிள்ல வச்சு சேக்கறப்ப அச்சு அசலா அதே கோணம் கிடைக்கும். வெட்டு நேரா இருக்கணும், பிசிறை உள்ளயும் வெளியயும் அரத்தால ராவி எடுத்துடுங்க, வெளிச்சத்துல புடிச்சு பாத்தா இடுக்குல வெளிச்சம் தெரியவே கூடாது. ஒவ்வொரு துண்டும் டேக் (பிடிச்சு நிக்கற அளவுக்கு சின்ன புள்ளி வெல்ட்) அடிச்சதும் அந்தப் போர்ட்டோட (புகை வெளிய வர்ற துளை) ரெண்டு போல்ட்லயும் சாக்கெட் ஏறுதான்னு பாருங்க, பிளக் சாக்கெட்டும் போட்டு பாருங்க, ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி பாருங்க. ஆக்சிலரேட்டர் அழுத்தினா இன்ஜின் சாயும், அதனால எந்தப் பக்கமும் 12 எம்எம்முக்கு குறையாம இடைவெளி விடுங்க, சாயற பக்கம் 20 எம்எம் இருந்தா நிம்மதி. பிரேக் லைனும் ஸ்டார்ட்டரும் பைப்புக்கு பக்கத்துல வந்தா நடுவுல வெப்பத் தடுப்பு தகடு கட்டாயம்.

கலெக்டர்ல எந்தப் பைப் எங்க வரணும்ங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. செவர்லே ஸ்மால் பிளாக் வி8ல ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் வெடிக்கற வரிசை, 1-8-4-3-6-5-7-2, இடது பக்கத்துல 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிக்கும். அந்தப் பக்கம் 1, 3, 5, 7னு சுத்தி வர்ற மாதிரியும், வலது பக்கம் 8, 4, 6, 2னு வர்ற மாதிரியும் அடுக்கலாம். இதுல பலன் சின்னது தான், வழி சிக்கலானா விட்டுடுங்க. லைன்ல ஆறு சிலிண்டர்னா, ஆர்டர் 1-5-3-6-2-4ஆ இருந்தா முன்னாடி மூணு ஒரு கலெக்டர், பின்னாடி மூணு ஒரு கலெக்டர், கிராங்க் 240 டிகிரி சுத்தறதுக்கு ஒண்ணுன்னு சீரா விழும், அதோட சத்தம் கேக்கவே அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா இந்த மாதிரி சில இன்ஜின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடு தான் இன்டேக்கை (கலவை உள்ள போற வழி) சூடாக்கும், அதை எடுத்துட்டா குளிர்ல கார்புரேட்டர் முரண்டு புடிக்கும், வெந்நீர் லைன் குடுத்து சூடாக்கற ஏற்பாட்டை சேர்த்தே யோசிங்க.

டேக் மட்டும் தான் வண்டில. அதுக்கும் எர்த் கிளாம்ப்பை ஹெடர் மேலயே மாட்டுங்க, எங்கயோ சேஸிஸ்ல மாட்டினா கரண்ட் பேரிங் வழியா போக வாய்ப்பிருக்கு. முழு வெல்டிங்கை கீழ இறக்கி, ஃபிளேஞ்சை ஒரு பழைய ஹெட்லயோ கனமான தகட்டுலயோ போல்ட் போட்டு இறுக்கிட்டு பண்ணுங்க. ஒரே போர்ட்டை சுத்தி சுத்தி அடிக்காம ஒரு போர்ட்ல கொஞ்சம், தள்ளி இன்னொன்னுல கொஞ்சம்னு மாத்தி மாத்தி போங்க, முழுசா ஆறின பிறகு தான் போல்ட்டை கழட்டணும். டிக் (TIG) வெல்டிங் மெஷின் இருந்தா நல்லது, மைல்ட் ஸ்டீலுக்கு ஈஆர்70எஸ்-2 வெல்டிங் கம்பி. மிக் (MIG) மெஷின்லயும் ஆகும், போர்ட் உள்பக்கம் கிரைண்டர் வேலை கூடுதலா இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் நேர் ஸ்கேலை ஃபிளேஞ்ச் மேல வச்சு ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கற மெல்லிசு தகடு) விட்டு பாத்து, மேடா இருக்கற இடத்தை தேச்சு மட்டமாக்குங்க.

கலெக்டர்ல ஆக்சிஜன் சென்சருக்கு 18 எம்எம் நட்டு ஒண்ணு இப்பவே வெல்ட் பண்ணிடுங்க, சென்சர் பைப்புக்கு அடில இல்லாம மேல்பக்கமா சாஞ்சு நிக்கணும், அப்பதான் அதுல தண்ணி தேங்காது. லீக் பாக்க ஃபிளேஞ்சை அடைச்சுட்டு லேசா காத்து விட்டு சோப்பு தண்ணி தடவுங்க, நுரை வர்ற இடம் ஓட்டை. கோட்டிங்குக்கு செராமிக் தான் என் ஓட்டு, மைல்ட் ஸ்டீல் மேல துணி டேப் சுத்தறது ஈரத்தை புடிச்சு வச்சு துருவை சீக்கிரம் கொண்டுவரும். மாட்டி ஒரு தடவை நல்லா சூடாக்கி, முழுசா ஆறினதும் போல்ட்டை எல்லாம் மறுபடி இறுக்குங்க, அடுத்த ரெண்டு மூணு ஓட்டத்துக்கு அப்புறமும் ஒருதடவை. காத்து ஓட்டம் மாறினதால பெட்ரோல்-காத்து கலவை மெலிஞ்சு (பெட்ரோல் கம்மியாகி) இருக்கலாம், அந்தச் சென்சரை மாட்டி ஓட்டி பாத்துட்டு கார்புரேட்டர் ஜெட்டை சரி பண்ணுங்க, பிளக் ஒயர் எதுவும் பைப்பை தொடுதான்னும் அப்பவே ஒரு டார்ச் அடிச்சு பாத்துடுங்க.