கியர் போட்டதும் பைக் ஆஃப் ஆகிறதா? பிளக்கைக் கழற்றாதீர்கள்

நியூட்ரலில் வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கும். கிளட்ச் பிடித்து முதல் கியரை மிதித்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

இந்தப் புகாருக்கு முதலில் கழற்றப்படுவது ஸ்பார்க் பிளக். அடுத்து ஏர் ஃபில்டர், அதன்பின் பெட்ரோல் மீது சந்தேகம். மூன்றும் வீண் வேலை. நியூட்ரலில் ஐந்து நிமிடம் விட்டாலும் நிற்காமல், ரேஸ் கொடுத்தால் திக்காமல் ஏறுகிற இன்ஜினுக்குத் தீப்பொறியும் பெட்ரோலும் ஒழுங்காகத்தான் போகின்றன. கியர் விழும் அந்த நொடியில் புதிதாக என்ன நடக்கிறது என்று தேட வேண்டும்.

எப்படி நின்றது என்று கவனிக்காமல் விடுவது

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே வண்டியை ஆஃப் ஆக விட்டுப் பாருங்கள். கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போதே, குலுக்கல் இல்லாமல், சாவியைத் திருப்பியதுபோல அணைந்தால் அது வயரிங் விவகாரம். வண்டி முன்பக்கம் ஒரு எகிறு எகிறி நின்றால் கிளட்ச். கியர் விழுந்தபின்னும் ஓடி, கிளட்சை விட விட மூச்சு வாங்கி அணைந்தால் ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டர் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்.

அணையும்போது மீட்டரையும் பாருங்கள். மீட்டரும் சேர்ந்து இருண்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் இவற்றில் ஏதோ லூஸ். கியர் விழும் அதிர்வில் தொடர்பு விட்டுப்போகிறது. மீட்டர் எரிந்துகொண்டே இன்ஜின் மட்டும் அணைந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

சைடு ஸ்டாண்டு ஸ்விட்சை மறந்துபோவது

பி.எஸ். 6 புகை மாசு விதிகள் 2020 ஏப்ரலில் வந்ததையொட்டி வெளியான பைக்குகள் பலவற்றில், சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச் உண்டு. பல மாடல்களில் நியூட்ரலில் இருக்கும்வரை ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இதைக் கண்டுகொள்ளாது. கியர் விழுந்தபின்தான் "ஸ்டாண்டு மேலே இருக்கிறதா?" என்று பார்க்கும். அதனால்தான் ஸ்விட்ச் கெட்டிருப்பது நியூட்ரலில் தெரிவதே இல்லை.

ஸ்டாண்டை மடக்கியிருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்விட்சுக்குத் தெரிய வேண்டுமே! மழைச்சேறு ஸ்டாண்டு மடங்கும் மூட்டான பிவட்டில் காய்ந்து இறுகியிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து, ஸ்டாண்டு அரை விரல் அளவு கீழே தொங்கும். அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பின்கள் பச்சை பூத்திருக்கும். வாட்டர் சர்வீஸ் முடிந்த மறுநாள் இந்தத் தொந்தரவு ஆரம்பித்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் அதைக் காலால் மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கியர் போடட்டும். சக்கரம் சுழலும், கை, துணி எதுவும் அருகில் வேண்டாம். அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் தீர்ந்தது விஷயம். பிவட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஸ்விட்ச் வயரை வெட்டி இணைத்துவிடுவது. இரண்டு வயர் ஸ்விட்சில் சில வண்டிகள் அப்படி ஓடவும் செய்யும். ஆனால் காந்த சென்சார் உள்ள மாடல்களில் மூன்று வயர் வரும்: சப்ளை, எர்த், சிக்னல். தவறான இரண்டைச் சேர்த்தால் ஈ.சி.யு.வின் சப்ளை ஷார்ட் ஆகும். ஸ்விட்சின் விலையையும் ஈ.சி.யு.வின் விலையையும் கடையில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், கை தானாக நின்றுவிடும். ஸ்டாண்டை மடக்க மறந்து இடதுபக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

ஸ்லோவை ஏற்றிச் சமாளிப்பது

எகிறி நிற்கும் வண்டியில், லீவரைப் பிடித்தும் கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றினால் ஆஃப் ஆவது நிற்கும்; ஆனால் கியர் 'தடக்'கென்று விழும், கியர்களின் பற்கள் அடிவாங்கும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது.

முதலில் லீவரின் பிளேயை, அதாவது கேபிள் இறுகும்வரை லீவர் சும்மா நகரும் தூரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளுக்கு லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். 25, 30 என்று போனால் முழுதாக இழுத்தாலும் கிளட்ச் பிரியாது. இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரில் பெரிய அளவைச் சரிசெய்துவிட்டு, லீவர் பக்கத்தில் நுணுக்கமாக வைக்க வேண்டும். பிளேயே இல்லாமல் இறுக்குவது மறுபக்கத் தவறு: கிளட்ச் எப்போதும் லேசாக அழுந்தியே இருந்து, வழுக்கி, பிளேட் கருகும். அட்ஜஸ்டர் முழுக்க வெளியே வந்தும் பிளே குறையவில்லையென்றால் லீவர் நிப்பிளின் அருகே கேபிள் இழைகள் பிரிந்திருக்கும். மாற்றுவதுதான் வழி.

சென்டர் ஸ்டாண்டில் கிளட்சைப் பிடித்துக் கியர் போட்டால் பின்சக்கரம் மெதுவாகச் சுற்றும். இதைப் பார்த்தே "கிளட்ச் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஆயிலின் பிசுபிசுப்பில் அந்த அளவுக்குச் சுற்றுவது இயல்பு. பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மாறாமல் சக்கரம் நின்றால் கிளட்ச் நலம். இன்ஜின் திணறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினை நியூட்ரலில் சூடேற்றி அணைத்து, கியர் போட்டு, கிளட்ச் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விடும். காலையில் முதல் கியருக்கு மட்டும் எகிறினால், கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நெரிசலில் சூடானபின் எகிறினால் இரும்பு பிளேட் வளைந்திருக்கலாம். சமமான கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தால் தெரிந்துவிடும். புது பிளேட் போட்ட மறுநாளே இந்தத் தொல்லை வந்தால், ஆயிலில் ஊறவைக்காமல் காய்ந்தபடியே மாட்டியிருப்பார்கள்.

மூச்சு வாங்கி அணைவது

இது எளிது. 100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஸ்லோ, மாடலைப் பொறுத்து, 1,300 முதல் 1,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை இருக்கும். இன்ஜின் சூடானபின் அளக்க வேண்டும். குளிரில் வைத்த அளவு நிற்காது. கார்பரேட்டர் வண்டியில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை அகன்றுவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் பாடியில் பெயின்ட் புள்ளி வைத்த ஸ்க்ரூ இருந்தால் அதைத் தொடாமல், உள்ளே படிந்த கரியை மட்டும் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.