மருந்து வாங்க வராமல் போனவர்களைத் தேடிக் கணக்கெடுப்பது எப்படி?

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவேட்டில் 'இறப்பு' என்ற பத்தியை அப்படியே நம்பக் கூடாது. வீட்டில் இறந்தவரைப் பற்றி மையத்துக்கு யாரும் சொல்வதில்லை. அவர் பெயர் 'வராதவர்' பட்டியலிலேயே கிடக்கும். அந்தப் பட்டியலில் உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள்? வசதி குறைந்த மையத்தில் ஆய்வு தொடங்க விரும்பும் மருத்துவருக்கு இதைவிட நல்ல முதல் கேள்வி கிடைப்பது அரிது.

உகாண்டாவின் ம்பராரா மையத்து ஆய்வு 2008-ல் வெளியானது. வராமல் போன 829 பேரில் 128 பேரை மட்டும் தேடினார்கள். 111 பேரின் நிலை தெரிந்தது; அதில் 32 பேர் இறந்திருந்தார்கள். பதிவேட்டின்படி முதலாண்டு இறப்பு 1.7 சதவீதம். தேடியதைச் சேர்த்ததும் அது 7.5 சதவீதம் ஆனது.

முதலில் 'வராதவர்' யார் என்று எழுதி வையுங்கள். பல திட்டங்களில் வர வேண்டிய நாளிலிருந்து 28 நாள் கடந்தால் அந்தப் பட்டியல். பிறகு பட்டியலைச் சலியுங்கள்: இரட்டைப் பதிவு, இடம் மாறிய அட்டை, சொல்லாமல் வேறு மையத்துக்குப் போனவர். பாதி வேலை இங்கேதான், சலிப்பூட்டும் வேலையும் இதுதான்.

அடுத்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். போனில் கிடைப்பவர்களை மட்டும் எடுத்தால் உயிரோடு இருப்பவர்களே அதிகம் மாட்டுவார்கள். கிடைக்காதவருக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்தவரைச் சேர்ப்பதும் அதே தவறுதான். கிடைக்காதவரை 'நிலை தெரியவில்லை' என்றே எழுதுங்கள். உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குப் போவதற்கான சம்மதத்தை, சிகிச்சையில் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு முதலில் கேட்பது அதைத்தான். போகிறவர் ஊர் வழக்கம் அறிந்தவராக இருக்கட்டும். மையத்தின் பெயர் எழுதிய வண்டி வேண்டாம். வாசலில் எச்.ஐ.வி. என்ற சொல்லே வரக் கூடாது. பக்கத்து வீட்டில் விசாரிக்கும்போதும் அப்படியே. பெயர்ப் பட்டியல் ஒரு பூட்டில், விடைத்தாள் வேறு பூட்டில்.

கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 829-ஐ 111-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.5. அதாவது நிலை தெரிந்த ஒவ்வொருவரும் ஏழரைப் பேருக்காக நிற்கிறார்; கணக்கில் அவருடைய 'எடை' அது. மையத்துக்கு வந்துகொண்டிருப்பவருக்கு எடை 1. இந்த எடையைப் போடாமல் இருவரையும் ஒன்றாகக் கொட்டினால் இறப்பு விகிதம் மறுபடி சுருங்கிவிடும். இறந்த தேதியைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். நீங்கள் விசாரித்த தேதியைப் போட்டால் கணக்கே தள்ளிப்போகும்.

உயிரோடு கிடைத்தவரைக் கேள்வி கேட்டுவிட்டு அப்படியே விட்டு வராதீர்கள். வருவதை ஏன் நிறுத்தினார் என்பதைத் திட்டாமல் கேளுங்கள்: பேருந்துக் கட்டணமா, கூலி இழப்பா, வீட்டில் மறைத்ததா? மையத்துக்குத் திரும்பினால் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பாருங்கள். 200-க்குக் கீழ் இருந்தால், மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் காசநோயையும், கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜனையும் (மூளையுறையைத் தாக்கும் ஒரு பூஞ்சையின் அடையாளம்) சோதித்துவிடுங்கள்.