வீட்டிலிருந்து வேலையா? இலக்கத்தைக் கேளுங்கள்

வட்ஸ்அப்பில் யாராவது வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சொன்னால், சம்பளத்தைக் கேட்குமுன் கம்பனியின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இலங்கையில் தனியார் கம்பனி என்றால் அது பெரும்பாலும் 'பீ.வி.' (PV) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், காசு இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கடிதங்களிலேயே அந்த இலக்கம் இருக்க வேண்டும். ஆகவே உண்மையான கம்பனி தயங்காமல் தரும். மோசடிக்காரரோ "முதலில் மூவாயிரம் கட்டுங்கள்" என்று பேச்சை மாற்றுவார். சரி, அந்த இடத்திலேயே ப்ளொக் பண்ணிவிடலாம்.

தனிநபர் வியாபாரத்துக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இது சரிவராது. அப்புறம், வேறொரு கம்பனியின் இலக்கத்தைத் திருடித் தருபவர்களும் உண்டு. அலுவலகம் கொழும்பு காலி வீதி போல பக்கத்தில் என்றால் நேரே போய்ப் பார்த்துவிடுங்கள், பஸ் காசோடு முடிந்துவிடும்.